பத்து நிமிடம்

பி.எட். முடித்து, இக்கல்லூரியில் முதுகலை சேருமுன், ஒரு பள்ளிக்கு நேர்முகத் தேர்வுக்குச் சென்றேன். பத்தே நிமிடம். என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். தலைமையாசிரியரோ சாக்பீஸை நீட்டி, "1/2-உடன் 1/3-ஐக் கூட்டி 2/5 என்று எழுதும் மாணவனுக்கு என்ன சொல்வீர்கள்?" என்றார். 5/6 என்ற விடை தெரிந்தது. விளக்கும் வழி தெரியவில்லை. வேலை கைநழுவியது. "பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா, தம்பி?" என்று கேட்டிருக்கலாமே என்பது திரும்பும் பேருந்தில்தான் தோன்றியது!

நண்பர்களே, நேர்முகத்துக்கு ஆயத்தமாவது நம் பெருமையை ஒப்பிக்கப் பழகுவதன்று என்பதே என் கருத்து. நடத்தப்போகும் பாடத்தில் மாணவன் எங்கே இடறுவான் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதுதான் ஆயத்தம். வேலை கிடைக்காவிட்டாலும், அது என்றேனும் ஒரு மாணவனுக்குப் பயன்படும்.