யார் மூச்சை யார் அளப்பது?

வேலைக்குள் நுழையும் முன் ஊதிக் காட்டு என்கிறார்கள். விமான நிலையத்தில் ஊதுகிறார்கள், பேருந்துப் பணிமனையில் ஊதுகிறார்கள், ரயில் ஓட்டுநர் கையெழுத்துப் போடும் மேசையிலும் ஊதுகிறார். இப்போது கட்டட வேலை நடக்கும் இடங்களிலும் தொழிற்சாலை வாசல்களிலும் அந்தக் கையடக்கக் கருவி வந்துவிட்டது. "நல்லதுதானே, இதில் என்ன குறை?" என்று நம் தாய்மார்கள் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. சம்பள நாளன்று கணவன் எந்தக் கடை வாசலில் நிற்கிறான் என்று பிள்ளையை அனுப்பிப் பார்க்கிற வீட்டில், அந்தக் கருவி தெய்வம் அனுப்பிய துணையாகத்தான் தெரியும்.

ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சோதனையே கூடாது என்பது என் கட்சி அல்ல. ஐம்பது உயிர்களை ஏற்றிக்கொண்டு குடித்துவிட்டு ஓட்டும் உரிமை எந்தத் தொழிலாளிக்கும் கிடையாது. கிரேனை இயக்குகிறவன் தள்ளாடினால் அதன் கீழே நிற்பவனும் நம்மவன்தான். சங்கத்தின் பெயரால் இதற்குப் பரிந்து பேச வருகிறவரை நம்பாதீர்கள். என் வழக்கு வேறு. யாரைச் சோதிக்கிறார்கள், எப்படிச் சோதிக்கிறார்கள், சோதித்த மறுநாள் அவனை என்ன செய்கிறார்கள்? இந்த மூன்றையும் கேட்காமல் கருவியை மட்டும் வரவேற்பது ஏமாளித்தனம்.

மறுநாள் கதையை முதலில் பார்ப்போம். விமானத் துறையில் விதி எழுத்தில் இருக்கிறது. மது அருந்தியது முதல் முறை தெரிந்தால் விமானியின் உரிமம் மூன்று மாதம் நிறுத்தி வைக்கப்படும். இரண்டாம் முறை என்றால் மூன்று ஆண்டு. மூன்றாம் முறை உரிமமே ரத்து. கஞ்சா, அபின் வகைப் போதைப் பொருட்களுக்கான சோதனை 2022 ஜனவரி 31 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் முதல் முறை அகப்பட்டவரைப் போதை மீட்பு மையத்துக்கு அனுப்பி, குணமானபின் மீண்டும் சோதித்து வேலைக்கு எடுக்கவேண்டும் என்று விதியே சொல்கிறது. சரியான விதி. நான் குறை சொல்லவில்லை. படித்தவன், யூனிபாரம் போட்டவன் தவறினால் அது நோய், சிகிச்சை கொடுக்கலாம் என்று இந்த நாட்டுக்குத் தெரிந்திருக்கிறது.

ஒப்பந்தக் கூலிக்கு இந்த விதி எங்கே? அவனிடம் நிறுத்தி வைக்க உரிமம் இல்லை. காண்டிராக்டர் சொல்வது ஒரே வார்த்தை: "நாளை முதல் வராதே." நோட்டீஸ் இல்லை, உள்விசாரணை இல்லை, என்ன அளவு காட்டியது என்று ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. பெரிய நிறுவனத்தின் நிரந்தரத் தொழிலாளியாக இருந்தால் நிலையாணைகள் உண்டு. விசாரணை நடத்தவேண்டும். அதுவரை சஸ்பெண்டு செய்தால் முதல் 90 நாளுக்குப் பாதிச் சம்பளம், அதன்பின் முக்கால் சம்பளம் பிழைப்பூதியமாகத் தரவேண்டும். ஆனால் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பின்படி 300 தொழிலாளர்களுக்குக் குறையாத இடத்தில்தான் நிலையாணைகள் கட்டாயம். 1946ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் இந்த எண்ணிக்கை 100 ஆக இருந்தது. தாராவியிலும் செம்பூரிலும் ஆண்டாப் ஹில்லிலும் இருந்து விடியுமுன் கிளம்பும் நம் ஆட்களில் எத்தனை பேர் 300 பேருக்கு மேல் உள்ள இடத்துப் பதிவேட்டில் பெயர் உள்ளவர்கள்? உங்கள் வீட்டிலேயே கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது கருவியின் யோக்கியதை. கருவி பொய் சொல்லாது என்பார்கள். 2025 பிப்ரவரியில் நாகர்கோவில், கன்னியாகுமரிப் பாதையும் அடங்கிய திருவனந்தபுரம் ரயில்வே கோட்டத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. டியூட்டிக்கு வருமுன் இளநீர் குடிக்காதே, வாழைப்பழம் தின்னாதே, இருமல் மருந்தும் ஹோமியோபதி மருந்தும் சாப்பிடாதே என்று ரயில் ஓட்டுநர்களுக்குச் சுற்றறிக்கை போட்டார்கள்! ஊதும் கருவி மது என்று காட்டியது, இரத்தப் பரிசோதனையோ இல்லை என்றது. கருவியைச் சந்தேகிக்க மனம் வரவில்லை, இளநீரைச் சந்தேகித்தார்கள். கண்டனம் எழுந்ததும் சுற்றறிக்கையைத் திரும்பப் பெற்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் பந்தளம் அரசுப் பேருந்துப் பணிமனையில் சொட்டும் குடிக்காத ஓட்டுநர்கள் கருவியில் சிக்கினார்கள். கடைசியில் பார்த்தால் குற்றவாளி பலாச்சுளை. சோதனையில் தேறிய ஒருவரையே சுளை தின்னவைத்து மீண்டும் ஊதச் சொன்னபோது கருவி அவரையும் குடிகாரர் ஆக்கிவிட்டது.

இதில் மாயம் எதுவும் இல்லை. நுரையீரலின் அடியிலிருந்து வரும் மூச்சில் இரத்தத்தில் கலந்த மதுவின் ஆவி இருக்கும். கருவி அளக்க வேண்டியது அதைத்தான். ஆனால் நன்கு கனிந்து புளிக்கத் தொடங்கிய பழமோ, சாராயச் சத்தில் கலந்த மருந்தோ, வாய் கொப்பளிக்கும் திரவமோ வாயில் தங்கியிருந்தால் அதுவும் சேர்ந்து கணக்கில் ஏறும். வாயைத் தண்ணீரால் கழுவி, கால் மணி இருபது நிமிடம் பொறுத்து மறுபடி ஊதச் சொன்னால் வாயில் இருந்தது போய்விடும், இரத்தத்தில் இருப்பது நிற்கும். இருபது நிமிடம்தான்! ஒரு குடும்பத்தின் சோற்றுக்காக அந்த இருபது நிமிடம் காத்திருக்க மேஸ்திரிக்கு நேரமில்லை. கருவியை அவ்வப்போது சரிபார்த்துச் சான்று வாங்க வேண்டும் என்பதையும் எத்தனை இடத்தில் செய்கிறார்கள்?

சிறுநீர்ச் சோதனையில் சங்கடம் இன்னும் அதிகம். கஞ்சாவைத் தொடர்ந்து புகைத்தவனுக்கு, நிறுத்திச் சில வாரம் ஆனபிறகும் அதன் சுவடு தெரியும். அவன் இன்று நிதானமாக வேலை செய்கிறானா என்பதற்கு அதில் பதில் கிடையாது. கோடீன் கலந்த இருமல் மருந்து குடித்தவன்கூட முதற் சோதனையில் அபின்காரன் ஆகலாம். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் உறுதிச் சோதனை செய்யாமல் முடிவு சொல்லக்கூடாது என்பது மருத்துவ முறை. உறுதிச் சோதனைக்குச் செலவு உண்டு. மாற்று ஆள் கேட்டுக்கு வெளியே காத்து நிற்கும்போது காண்டிராக்டர் ஏன் செலவு செய்யப்போகிறார்?

சட்டம் இதை அறியாததல்ல. மகாராஷ்டிரத்திலிருந்து சென்ற ஒரு வாகன விபத்து வழக்கில் 1971இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வாயில் வாடை அடித்தது, நடை தள்ளாடியது, பேச்சுக் குழறியது, கண்பாவை விரிந்திருந்தது என்பதை மட்டும் வைத்து, இரத்தமோ சிறுநீரோ சோதிக்காமல் ஒருவன் மது அருந்தியதாக முடிவு கட்ட முடியாது என்பது அந்தத் தீர்ப்பு. அது குற்ற வழக்கு, உள்விசாரணைக்கு அவ்வளவு சான்று தேவையில்லை என்று கம்பெனி வக்கீல் வாதாடுவார். வாதாடட்டும். நம் ஆள் விசாரணை வரைக்கும் போனால் அல்லவா அந்த வாதம் வரும்?

கருவிக்குள் அகப்படாத போதை ஒன்று இருக்கிறது, தூக்கமின்மை. பதினேழு மணி நேரம் விழித்திருந்தவனின் கையும் கண்ணும், 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது ஏறியவனுடையதைப் போலத் தடுமாறுகின்றன என்று 1997இல் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓட்டுநருக்கு எல்லை 30 மில்லிகிராம்தான். அப்படியானால் இரட்டை ஷிப்டு போட்டு லாரியை ஓட்டச் சொல்லும் முதலாளி, சட்டம் தடுத்த அளவைத் தாண்டிய ஒருவனைத் தெரிந்தே சாலையில் விடுகிறார். மோட்டார்த் தொழிலாளிக்கு நாளுக்கு 8 மணி நேரம் என்று 1961லேயே சட்டம் எழுதினார்கள். எங்கள் சந்தில் ஓர் ஓட்டுநர் இருக்கிறார். பதினாறு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தவரை நான்கு மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். வாசலில் ஊதினார், கருவி பூஜ்யம் காட்டியது, "போகலாம்" என்றார்கள். அவர் பத்திரமாகத் திரும்பி வந்தது அவர் மனைவியின் தாலி பாக்கியம்.

இன்னோர் இடத்தில் சோதனையே நடப்பதில்லை. சாக்கடைக் குழியில் இறங்குகிறவனை யாராவது ஊதச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? சொல்லமாட்டார்கள். குடிக்காமல் அந்த நாற்றத்துக்குள் இறங்க முடியாது என்பது இறக்குகிறவனுக்குத் தெரியும். குவார்ட்டருக்குக் காசு கொடுத்து இறக்குவதும் நடக்கிறது. மனிதனைக் குழிக்குள் இறக்கும் வேலையை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. குழியில் செத்தவன் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. சாவு நிற்கவில்லை. ஆக, போதை வேலைக்கு இடையூறு என்றால் கருவி வரும், போதை இல்லாமல் வேலை நடக்காது என்றால் கருவி வராது. அந்தக் குழியில் இறங்குகிறவன் எந்தச் சாதியில் பிறந்தவன் என்பதை இந்தப் பத்திரிகை படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஊரில் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். அங்கே 2003 முதல் சில்லறைக் கடையை அரசே நடத்துகிறது. விற்பதும் அரசு, குடித்து ஓட்டினால் பிடிப்பதும் அரசு. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுதவேண்டும்.

நாம் கேட்க வேண்டியது அதிகமில்லை. மானேஜரும் ஊதட்டும், காண்டிராக்டரும் ஊதட்டும், பிறகு நாமும் ஊதுகிறோம். அளவைக் காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். சந்தேகம் என்றால் இருபது நிமிடம் கழித்து இரண்டாவது சோதனை, அதிலும் காட்டினால் இரத்தச் சோதனை. உண்மையிலேயே குடித்திருந்தால் அன்றைய வேலையிலிருந்து விலக்குங்கள். விமானிக்கு உள்ள சிகிச்சை எங்கள் ஆளுக்கும் வேண்டும், சிகிச்சை முடியும்வரை அவன் இடத்தில் வேறொருவனை நிரந்தரமாக்கக்கூடாது. மதுப் பழக்கத்தை மற்ற நோய்களைப் போலவே, பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் 1996லேயே வெளியிட்ட நெறிமுறையில் சொல்லியிருக்கிறது.

அதுவரை, குடிக்காத நம் ஆள் யாரையாவது கருவி காட்டிக்கொடுத்தால் கோபப்பட்டுக் கத்தவேண்டாம், கேட்டை விட்டு வீட்டுக்கும் வரவேண்டாம். உடன் இருப்பவர் இருவரைச் சாட்சி வைத்து மறுசோதனை கேட்கட்டும். மறுத்தால் நேரே சயான் ஆஸ்பத்திரி போன்ற நகராட்சி மருத்துவமனைக்குப் போய் இரத்தம் எடுக்கச் சொல்லி, நேரம் குறித்த சீட்டை வாங்கிக்கொள்ளட்டும். மணிக்கு மணி அளவு இறங்கிக்கொண்டே போகும் என்பதால் மாலையில் போய்ப் பயனில்லை. குடியை விட முடியாமல் தவிக்கிறவர் இருக்கும் வீட்டார் 14446 என்ற அரசின் கட்டணமில்லாத எண்ணில் கேட்கலாம். மானேஜர் முன்னால் ஊதும் நாள் வரும்வரை அவர் காத்திருக்கத் தேவையில்லை.