ரொட்டி திருடியவனும் பட்டினியிட்டவனும்

விக்டர் ஹ்யூகோ 1862இல் வெளியிட்ட பெருநாவலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழாக்கினார். 1950இல் கோவைப் பட்சிராஜா நிறுவனத்தார் கே. ராம்நாத்தின் இயக்கத்தில், நாகையா நடிக்க, அதனைத் திரைக்குக் கொணர்ந்தனர். அதே கதை 2012இல் ஆங்கிலத்தில் இசைத் திரைப்படமாகவும் வந்தது. இவற்றைப் பற்றிப் பேசும் அன்பர்கள் சிலர், இது திருந்திய திருடன் ஒருவனின் கதையே என்றும், 1832ஆம் ஆண்டின் பாரிஸ் கிளர்ச்சி அதில் வெறும் ஒட்டு என்றும் கூறுகின்றனர். இக்கூற்று பிழை, அதிலும் வயிறு நிறைந்தோர்க்கு வசதியான பிழை.

ரொட்டி திருடிய ஜீன் வால்ஜீன் 19 ஆண்டுகள் சிறையில் கிடந்தான். ரொட்டிக்காக 5, தப்ப முயன்றதற்காக 14. பின்னர் வெள்ளித் தட்டுகளைத் திருடியவனை ஆயர் மன்னித்தார், அவன் மனிதனானான். நன்று! ஆனால், அவனுடைய தமக்கையின் பிள்ளைகள் எழுவரையும் பட்டினியிட்டவர் யார்? அவரைத் திருத்துவது யார்? மன்னிப்பு திருடனைத் திருத்தும், பசியைத் தீர்க்காது. அதனாலன்றோ ஹ்யூகோ தம் கதையைத் தெருப் போராட்டத்திற்குக் கொண்டு சென்றார்?

ஹழ்ரத் உமர் (ரலி) அவர்கள் பஞ்ச ஆண்டில் திருட்டுக்குரிய தண்டனையை நிறுத்தி வைத்தவர்கள். ஹாத்திப் என்பாரின் அடிமைகள் ஒட்டகம் ஒன்றைத் திருடி அறுத்துண்ட வழக்கிலோ, அவர்கள் பசியால் வாடியதைக் கண்டு தண்டியாது விடுத்தார்கள். அத்துடன் நின்றார்களா? 400 திர்ஹம் பெறும் ஒட்டகத்திற்கு 800 திர்ஹம் செலுத்துமாறு, பட்டினியிட்ட எசமானருக்கன்றோ ஆணையிட்டார்கள்! திருடியவனுக்கு மன்னிப்பும் பட்டினியிட்டவனுக்குத் தண்டமும் ஒரே தீர்ப்பின் இரு பகுதிகள் என்பதை இதனினும் தெளிவாக யார் உரைக்க வல்லார்?

கிளர்ச்சி அயல்நாட்டுச் சரக்கு என்பார்க்கு நம் குமரி மாவட்ட மண்ணே விடை கூறும். தோள்சீலை உரிமையை நாடார் பெண்களுக்கு எவரும் இரங்கி ஈந்துவிடவில்லை. 1820களில் தொடங்கிய போராட்டமே 1859இல் திருவிதாங்கூர் அரசின் அறிவிப்பை வருவித்தது.

தமிழ்ப் படத்தில் இன்ஸ்பெக்டர் ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அப்பெயர் ஆயுள் முழுதும் அடைமொழியாயிற்று. துரத்தியவன் பெயர் நிலைத்தது. பசித்தவன் பெயர் எத்தனை பேர் நினைவில் உள்ளது? வெள்ளியை ஈந்த கையை வாழ்த்துவோம். ஆயின், ரொட்டியைப் பறித்த கையை வினவாது விடுவோமானால், நாம் திரையரங்கில் சிந்தும் கண்ணீரும் ஜாவரின் கட்சியையே சேரும்.