மாட்டுக்கு வந்தால் கோமாரி, பூனைக்கு வந்தால் மீன் முள்ளா?

ஒகேனக்கல் என்றதும் அருவி, பரிசல், எண்ணெய் மசாஜ், சுடச்சுட மீன் வறுவல் எல்லாம் வரிசையாக ஞாபகம் வரும். அந்த மீன் கடைகளைச் சுற்றி வரும் பூனைகள் மட்டும் யார் கணக்கிலும் வருவதில்லை.

அதில் ஒன்று வாயில் எச்சில் ஒழுக, போட்ட மீனை முகர்ந்து பார்த்துவிட்டு அப்படியே நகர்ந்தால் தீர்ப்பு தயார்: "முள்ளு குத்தியிருக்கும், தானா சரியாயிடும்!" முள் குத்துவதும் உண்டுதான். அதற்காக எல்லாப் பூனைக்கும் எப்போதும் முள்ளேவா குத்தும்?

இதே தருமபுரி மாவட்டத்தில் ஒரு மாடு எச்சில் ஒழுக, தீனி எடுக்காமல் நிற்கட்டும். முள் என்று யாராவது சொல்வார்களா? "கோமாரி" என்று உடனே மாட்டு டாக்டரைத் தேடுவார்கள். கோமாரியும் வைரஸ் நோய்தான். அதற்கு 2019-ல் தொடங்கிய மத்திய அரசின் திட்டத்தில் இலவசத் தடுப்பூசியே உண்டு. பால் கறக்கும் மாட்டுக்கு வைரஸ், கறக்காத பூனைக்கு முள்! நல்ல நியாயம்.

பூனைக்கென்றே காலிசி வைரஸ் என்று ஒன்று இருக்கிறது. நாக்கிலும் அண்ணத்திலும் புண் வரும், தும்மல் வரும். எச்சில், சளி, ஒரே தட்டில் தின்பது என்று எளிதாகப் பரவும். தேறிவிட்ட பூனைகூடப் பல வாரங்களுக்கு நோயைப் பரப்பலாம். 1986-ல் கலிஃபோர்னியாவில் கண்டறியப்பட்ட எஃப்.ஐ.வி. இன்னொன்று. பூனைகள் சண்டையில் கடித்துக்கொள்ளும்போது பரவி, எதிர்ப்புச் சக்தியைக் குறைத்து, ஈறையும் புண்ணாக்கும். இவை இரண்டும் மனிதருக்குத் தொற்றாது.

தானாகச் சரியாகிவிடுமா? சில நாட்கள் சாப்பிடாவிட்டாலே பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். வைத்தியம் என்று பாராசிட்டமால் கொடுப்பது அதைவிடக் கொடுமை. ஒரு மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும். முள்ளைத் தேடி வாய்க்குள் விரல் விடுவதும் வேண்டாம். வெறிநோயிலும் எச்சில் ஒழுகும். கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

"பூனைக்கெல்லாம் யாரு செலவு பண்றது?" என்பார்கள். காலிசிக்குத் தடுப்பூசி இருக்கிறது. தொற்றை முழுதாகத் தடுக்காது, ஆனால் நோயின் கடுமையைக் குறைக்கும். மாட்டுக்கு முகாம் போடும் அரசு, வருடத்தில் ஒரு நாள் பூனைக்கும் போட்டால் என்ன குறைந்துவிடும்?

அதுவரை, எச்சில் ஒழுகும் பூனையை ஒரு கூடையில் வைத்துக் கால்நடை டாக்டரிடம் தூக்கிப் போகலாமே. முள்ளா வைரஸா என்று அவர் பார்த்துச் சொல்லட்டும்!