காற்றோடு போகாத குரல்

நடுப்பகல் வேளை. அடுக்களையில் அம்மா கறிக்குத் தாளித்துக்கொண்டிருப்பார். நாங்கள் முற்றத்திலே ஆரவாரம் செய்துகொண்டிருப்போம். வானொலிப் பெட்டியிலிருந்து “மரண அறிவித்தல்” என்ற சொற்கள் எழுந்ததும் ஐயா கையை உயர்த்துவார். “சத்தம் போடாதையுங்கோ, பிள்ளையள்!” அவ்வளவுதான், வீடு அடங்கிவிடும். மறைந்தவரின் பெயர், பிறந்த ஊர், மக்கள் மருமக்கள் பெயர்கள், ஈமக்கிரியை நடைபெறும் நேரம் ஆகியவை நிதானமாக வாசிக்கப்படும்.

ஒருநாள் அவ்வரிசையிலே கொழும்பிலிருந்த எங்கள் மாமியின் பெயர் வந்தது. தந்திச் சேவகன் எங்கள் படலையைத் தட்டியபோது பொழுது சாய்ந்துவிட்டது. ஐயாவோ அதற்குள் இரவு மெயில் வண்டிக்கு ஆயத்தமாகி நின்றார். வானொலி வெறும் பாட்டுப் பெட்டியன்று, வீட்டாரில் ஒருவர் என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இந்த வீட்டாரின் பிறப்புக் கதையும் சுவையானதே. 1923ஆம் ஆண்டிலே கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறு அறையொன்றிலிருந்து முதலாவது பரீட்சார்த்த ஒலிபரப்பு நிகழ்ந்தது. அதனை முன்னின்று நடத்தியவர் எட்வர்ட் ஹார்ப்பர் என்னும் பொறியியலாளர். போரிலே கைப்பற்றிய ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கருவிகளைக் கொண்டே ஒலிபரப்பியை அமைத்தனர். போருக்கென்று செய்யப்பட்டது இசைத்தட்டுப் பாட்டை ஊருக்கு வழங்கிற்று! 1925 டிசம்பர் 16ஆம் நாள் முறையான சேவை தொடங்கியது.

இரண்டாவது உலகப் போரும் நமக்கு ஒரு கொடையை விட்டுச் சென்றது. நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைப் பீடம் தன் படையினருக்காகக் கொழும்பில் ஒரு நிலையத்தை நடத்தி வந்தது. அதன் பொருட்டு ஏகலையில் எழுந்த வலிமைமிக்க சிற்றலை ஒலிபரப்பி, போர் ஓய்ந்தபின் இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1949இல் றேடியோ சிலோன் தனித் திணைக்களமாயிற்று. 1950இல் வர்த்தக சேவை பிறந்தது. சிற்றலை என்பது வானத்தின் உயர்மண்டலத்திலே பட்டுத் திரும்பி, நெடுந்தூரம் கடந்து இறங்கும் இயல்புடையது. ஆகவே சின்னஞ்சிறு தீவின் குரல் பாரத நாடெங்கும் கேட்டது.

கேட்க ஆவலும் அங்கே இருந்தது. 1952இல் இந்தியத் தகவல், ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர், அகில இந்திய வானொலியிலே திரைப்படப் பாடல்களைப் பெரிதும் குறைத்துவிட்டார். நேயர்கள் கொழும்பை நோக்கி முள்ளைத் திருப்பினர். இந்தியிலே அமீன் சயானியின் ‘பினாக்கா கீத்மாலா’ பெரும் புகழ் பெற்றது. தமிழிலே எஸ். பி. மயில்வாகனம் அவர்களின் குரல் தமிழகத்து வீடுகளிலும் உறவு கொண்டாடிற்று. அக்கரைக்கு இக்கரை பச்சையாய்த் தோன்றிய காலம் அது. 1957இல் இந்தியா ‘விவித் பாரதி’யைத் தொடங்கியதற்கு இந்தப் போட்டியும் ஒரு காரணம்.

இப்பெருமையைச் சொல்லி மகிழ்வோர் பலர். ஆயினும் வாசகர்களே, ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அந்தப் பாட்டுகள் சென்னையிலும் பம்பாயிலும் பிறந்தவை. நாம் அவற்றைப் பரிமாறினோம். நம் அடுக்களையிலே சமைத்தது யாது?

‘சானா’ என்று நாமெல்லாம் அறிந்த சண்முகநாதனின் ‘லண்டன் கந்தையா’வைச் சொல்லலாம். சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ எத்தனையோ வீடுகளைக் கண்ணீர் சிந்த வைத்தது. ராமதாஸின் ‘கோமாளிகள்’ நாடகத்திலே மரைக்காரின் முஸ்லிம் தமிழும், அப்புக்குட்டியின் யாழ்ப்பாணத் தமிழும், உபாலி பேசிய சிங்கள வாடைத் தமிழும் ஒன்றையொன்று கேலி செய்து ஒன்றாய்ச் சிரித்தன. 1976இல் அது திரைப்படமாகவும் வந்தது. கோயிலடியிலும் சந்தையிலும் பேசும் பேச்சு, எழுதிப் படிக்கவும் ஏற்றதென்று நம்மிற் பலர் உணர்ந்தது இந்த நாடகங்களால்தான்.

1967இல் நிலையம் கூட்டுத்தாபனமாயிற்று. பின்னர் காலமும் மாறிற்று. 1990இல் யாழ்ப்பாணத்திலே மின்சாரம் நின்றது, பற்றரியும் கிடைத்தற்கரியதாயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுற்ற, டைனமோவின் மின்னிலே வானொலியை இயக்கிச் செய்தி கேட்டார்கள். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். பெட்டியைச் சுற்றி இருந்தவர்கள் முறை மாற்றி முறை சுற்றினார்கள்.

அந்தக் காட்சியை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. ஏனெனில் பழைய ஒலிபரப்பின் நிலையும் இன்று அதுவே. காற்றிலே சென்றதெல்லாம் ஏட்டில் ஏறவில்லை. எழுதியோர், நடித்தோர் பலர் மறைந்துவிட்டனர். கேட்டவர்களுக்கும் முதுமை வந்துவிட்டது. யாராவது சுற்றாவிடில் அந்தக் குரல் நின்றுபோகும்.

ஆகையால் மாணவச் செல்வங்களே, இந்த ஞாயிறு உங்கள் பாட்டனாரிடமோ பேத்தியாரிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்கடை காலத்திலை றேடியோவிலை என்ன கேட்டனீங்கள்?” சொல்வதைச் சொன்னபடியே, அந்த ஊர்ப் பேச்சு மாறாமல், ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நாடகத்தின் ஒரு வசனமோ, அறிவிப்பாளர் வணக்கம் சொன்ன விதமோ எதுவாயினும் போதும். ஐயா கையை உயர்த்தியதும் அடங்கிய எங்கள் வீட்டைப்போல, உங்கள் வீடும் சற்று நேரம் அடங்கிக் கேட்கட்டும்.