மக்குற கட்டைய விட்டு வையுங்க

காளான் படம் ஒண்ணு அனுப்பினா டவுன்ல இருக்குற நண்பர்கள் கேக்குற முதல் கேள்வி, "இதைச் சாப்பிடலாமா?" அடுத்தது, "விஷமா?" இந்த ரெண்டுக்கும் நடுவுல ஒரு கேள்வி இருக்கு: "இது இங்க என்ன வேலை பாக்குது?" அதை யாரும் கேக்குறதில்ல.

ஐப்பசி மழை நாலு நாள் விடாம பிடிச்சதும் எங்க சின்னசேலம் பக்கம் வந்தா, வேலியோரம் மக்கிக் கிடக்குற கட்டை, எருக்குழி ஓரத்துச் சுள்ளி பக்கத்துல குந்தி உக்காந்து பாருங்க. நின்னுக்கிட்டே பாத்தா தெரியாது. சுண்டு விரல் நகம் அளவுக்குக் குட்டிக் கிண்ணங்கள் இருக்கும். உள்ளே பருப்பு மாதிரி தட்டையா முட்டைகள் கிடந்தா அது சயாதஸ், குருவிக்கூட்டுக் காளான். மழைத்துளி கிண்ணத்துல விழுற வேகத்துல அந்த முட்டைகள் ஒரு மீட்டர் தூரம் வரைக்கும் தெறிக்கும். வால் மாதிரி இருக்குற நூல் புல்லுல ஒட்டிக்கும். அதுதான் அதோட விதைப்பு.

முட்டை இல்லாம வழவழன்னு இருந்தா அது வேற குடும்பம். வெப்பநாட்டுக் காடுகள்ல ரோஸ், ஆரஞ்சு நிறத்துல வர்ற குக்கீனா அந்த வகை. முத்தின கிண்ணத்துமேல லேசா ஊதினா சிலது புகை மாதிரி வித்துகளைக் கிளப்பும். இனம் சரியா சொல்றதுக்கு மைக்ராஸ்கோப் வேணும். போன் செயலி சொல்ற பேரை நம்பி எதையும் வாயில வைக்காதீங்க.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். மரத்தைக் கெட்டியா வெச்சிருக்குற லிக்னினை உடைக்கிற வேலையில பூஞ்சைக்கு ஈடு இல்ல. வேளாண் பல்கலைக்கழகம் தென்னை நார்க்கழிவை மக்க வைக்கச் சொல்ற முறையும் இதேதான்: ஒரு டன்னுக்கு 5 புட்டி சிப்பிக்காளான் விதை, 5 கிலோ யூரியா. காசு குடுத்து வாங்குற அதே வேலையை வரப்புல சும்மா செய்யுறவனை, "காடு சுத்தமா இருக்கணும்"னு நெருப்பு வெச்சுக் கொளுத்துறோம். தழைச்சத்து புகையாப் போகுது. அப்புறம் கடையில மூட்டை மூட்டையா உரம் வாங்குறோம்.

எல்லாப் பூஞ்சையும் நல்லதுன்னு சொல்லல. 1952-ல தஞ்சைப் பக்கம் தெரிய வந்த தென்னை வாடல் நோய்க்குக் காரணமும் ஒரு பூஞ்சைதான், கானோடெர்மா. அந்த மாதிரி பட்டுப்போன மரத்தை வேரோட தோண்டி அப்புறப்படுத்தியே ஆகணும். அதனாலதான் எது எதுன்னு பாத்துப் பழகணும்னு சொல்றேன். அடையாளம் தெரியாதவனுக்கு எல்லாமே ஒண்ணு: ஒண்ணு குப்பை, இல்லேன்னா நோய்.

ஏக்கருக்கு ஒரு மூலையில, தென்னைக்குத் தள்ளி, நாலு நோயில்லாத கட்டையைப் போட்டு வையுங்க. வீட்டு மாடித் தோட்டத்துலயும் காய்ஞ்ச சுள்ளியைத் தொட்டி மண்ணுமேல போடலாம். மழைக்குக் கிண்ணம் முளைச்சா பிடுங்கி எறியாதீங்க. அது கூலி கேக்காத ஆள்.