குழந்தைகள் தொலைக்காட்சியைப் பேரப் பொருளாக்காதீர்கள்: எங்கள் நிலைப்பாடு

பகைமை நிலவும் சமூகங்களில் குழந்தைகளுக்கான கல்வித் தொலைக்காட்சிக்கு அரசுகளும் அறக்கட்டளைகளும் நீண்டகால நிதி தர வேண்டும். அந்த நிதியை அரசியல் பேரத்தில் துருப்புச்சீட்டாக்கக் கூடாது. எதைக் காட்டுவது, எதை விடுவது என்ற முடிவு அந்தந்தச் சமூகத்தின் கையிலேயே இருக்க வேண்டும். இதுவே எங்கள் நிலைப்பாடு.

ஆஸ்லோ அமைதி உடன்பாட்டுக்குப் பின், அமெரிக்காவின் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் பொம்மைத் தொடரின் வழியில் இஸ்ரேலியரும் பாலஸ்தீனரும் இணைந்து ஒரு தொடரை உருவாக்கினார்கள். எபிரேயத்தில் ‘ரெஹோவ் சும்சும்’, அரபியில் ‘ஷாரா சிம்சிம்’ என்ற பெயர்களில் 1998இல் அது ஒளிபரப்பானது. இரு மக்களும் ஒரே தெருவில் வாழ்வதாகக் காட்டும் யோசனையைப் பாலஸ்தீனத் தயாரிப்பாளர்கள் ஏற்கவில்லை. தங்களுக்கென்று ஒரு தெரு கேட்டார்கள். பொதுவில் ஒரு பூங்கா வைக்கலாம் என்றபோது, அது யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தது. கடைசியில் இரண்டு தெருக்கள் அமைந்தன. பாலஸ்தீனச் சேவல் கரீம் ஒன்றில், இஸ்ரேலிய முள்ளம்பன்றி கிப்பி மற்றொன்றில். ஒருவர் தெருவுக்கு மற்றவர் போவதென்றால் விருந்தாளியாகத்தான்.

இதைப் பின்னடைவு என்பவர்கள் உண்டு. நாங்கள் அப்படிக் கருதவில்லை. நிலமே தீராத வழக்காக இருக்கும் இடத்தில் ஒரே தெருவைக் காட்டியிருந்தால், அது பாலஸ்தீனக் குழந்தையின் அன்றாடத்தை மறைத்த பொய்யாகியிருக்கும். தன் வீடும் தன் மொழியும் திரையில் மரியாதையோடு தெரிந்தால்தான் அடுத்த தெருப் பிள்ளையை வரவேற்க ஒரு குழந்தைக்கு மனம் வரும்.

கொசோவோவில் எழுத்தே சிக்கலானது. அல்பானியர்களுக்கு லத்தீன் எழுத்து, செர்பியர்களுக்கு சிரிலிக். ஒரு தரப்பின் எழுத்தைக் கண்டாலே மறு தரப்புப் பெற்றோர் முகம் சுளிப்பார்கள் என்ற நிலை. எழுத்துக் கற்பிப்பதற்கே பேர்போன ‘செசமி ஸ்ட்ரீட்’, 2004இல் அங்கே போனபோது எழுத்தைக் கைவிட்டது. ஒரு பொருளைத் திரையில் காட்ட, பல இனக் குழந்தைகள் தத்தம் மொழியில் அதன் பெயரைச் சொன்னார்கள். மாசிடோனியாவின் ‘நாஷே மாலோ’ தொடரோ பல இனப் பிள்ளைகளை ஒரே கட்டடத்தில் குடிவைத்தது. இடத்துக்கு இடம் வழி மாறும். அந்த மண்ணில் வாழ்பவர்களுக்கே அது தெரியும்.

இந்நிகழ்ச்சிகளின் எல்லையையும் மறைக்க மாட்டோம். இஸ்ரேல்–பாலஸ்தீனத் தொடரைப் பற்றிய ஆய்வில், இஸ்ரேலில் வாழும் யூத, அரபுக் குழந்தைகள் மற்றவரைப் பற்றி முன்பைவிட நல்லவிதமாகப் பேசினார்கள். பாலஸ்தீனப் பகுதிக் குழந்தைகளிடம் அந்த மாற்றம் தென்படவில்லை. ராணுவச் சோதனைச் சாவடிக்கு அருகே வளரும் குழந்தையிடம் பொம்மையின் நட்பு மட்டும் எடுபடாது. அரசியல் தீர்வுக்கு மாற்றாக எவரும் இதைக் காட்டக் கூடாது.

ஆனாலும் இருப்பதைப் பறிப்பது அநியாயம். 2011இல் பாலஸ்தீனம் ஐ.நா. உறுப்புரிமை கோரியதையடுத்து அமெரிக்க காங்கிரஸ் உதவி நிதியை முடக்கியது; 2012இல் ‘ஷாரா சிம்சிம்’ தயாரிப்பு நின்றுபோனது. ராஜதந்திரச் சண்டைக்கு மழலைகள் தண்டம் கட்டினார்கள். மறுபுறம், மக்ஆர்தர் அறக்கட்டளை 2017இல் அறிவித்த 10 கோடி டாலர் இருந்ததால்தான் சிரிய அகதிக் குழந்தைகளை மனதில் வைத்துத் திட்டமிட்டு, 2020இல் ‘அஹ்லான் சிம்சிம்’ தொடரைத் தொடங்க முடிந்தது.

நிதி தரும் அரசுகளையும் அறக்கட்டளைகளையும் கேட்டுக்கொள்கிறோம்: குறைந்தது ஐந்தாண்டுக்கு உறுதி கொடுங்கள். உறவு கசக்கும் நாளிலும் அந்த உறுதியைத் திரும்பப் பெறாதீர்கள்.