'சூப்பர் மச்சி' மட்டும் போதுமா?

மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டில் நம்மோடு படிக்கும் நண்பன் ஒருவன், 'கூட்டாகக் கற்றல்' பற்றி இருபது நிமிட பாட்காஸ்ட் ஒன்றைத் தன் செல்போனிலேயே பதிவு செய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டான். வந்த பதில்கள் என்ன தெரியுமா? "சூப்பர் மச்சி", "வேற லெவல்", கூடவே நாலு கைதட்டல் பொம்மை. பாதிப் பேர் முழுசா கேட்கவே இல்லை என்பது என் சந்தேகம்!

பிட்டிங் ஷாப்பில் நாம் இப்படியா இருக்கிறோம்? ஒருத்தன் ராவின பீஸில் டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிக்கிறோம். வெளிச்சம் கசிந்தால், "இந்த மூலையில இன்னும் ராவணும்டா" என்கிறோம். அவனும் கோபித்துக்கொள்வதில்லை. பேசினதுக்கு மட்டும் ஏன் இந்தப் பொய் மரியாதை? அதனால் அவனிடமே சொல்லிவிட்டு, என் கருத்தை இங்கே எழுதுகிறேன்.

ஃபேன் சத்தம் அதிகம். அது சின்ன விஷயம், விடுங்கள். வைகாட்ஸ்கியைப் பற்றிச் சொன்ன பகுதி அருமை. 1934ல், 37 வயதிலேயே இறந்துபோன அந்த ரஷ்ய அறிஞர் சொன்னது இதுதான்: தனியாகச் செய்ய முடியாததை, கொஞ்சம் அதிகம் தெரிந்தவன் பக்கத்தில் இருந்தால் செய்துவிடலாம், அந்த இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது. லேத்தில் முதல் நாள் நின்ற எவனுக்கும் இது புரியும்.

நான் மோதுவது அடுத்த பகுதியில். ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், 1789ல் சென்னை எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லப் பள்ளியின் பொறுப்பேற்றார். இங்குள்ள பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் பள்ளியில் செய்ய ஆசிரியர் தயங்கவே, எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் சின்ன வகுப்பை ஒப்படைத்தார். 1797ல் லண்டனில் அவர் புத்தகம் வெளியிட, 'மெட்ராஸ் முறை' என்ற பெயரிலேயே அது இங்கிலாந்தில் பரவியது. பெருமையான கதைதான். ஆனால், "கூட்டாகக் கற்றலின் தாய்வீடு நம்ம மெட்ராஸ்" என்று நண்பன் முழங்குகிறானே, அதை என்னால் ஏற்க முடியாது. அங்கே சட்டாம்பிள்ளை சொல்வான், மற்றவன் ஒப்பிப்பான். கேள்வி கேட்க இடம் எங்கே? 1971ல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் எலியட் ஆரன்சன் கொண்டுவந்த 'ஜிக்சா' முறையைப் பாருங்கள். பாடத்தைத் துண்டாக்கி ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். கடைசி பெஞ்சுக்காரன் தன் துண்டைச் சொல்லாவிட்டால் முதல் ரேங்க்காரனுக்கும் பாடம் முழுமையாகாது. இதுவல்லவா கூட்டு!

இன்னொரு குறை, எனக்குப் பெரிய குறை. ரஷ்யா, இங்கிலாந்து எல்லாம் போய் வந்தவன் நம்ம ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு வரவே இல்லை. 2003ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்து, சில ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்கப் பரவிய செயல்வழிக் கற்றல் ஞாபகம் இருக்கிறதா? பாய், கலர் கலரான அட்டைகள், சுவரில் மாட்டிய ஏணிப்படி, நம் உயரத்துக்குக் கீழேயே கரும்பலகை! அதில் ஆசிரியர் உதவும் குழு தனி, சக மாணவன் உதவும் குழு தனி. அந்தப் பாயில் உட்கார்ந்து வந்தவர்கள் நம் வகுப்பிலேயே பலர் இருக்கிறார்கள். பாட்காஸ்ட் போட்டவனும் அதில் ஒருத்தன்தான்!

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசி மாவட்டம் நம் தர்மபுரி, 68.5 சதவீதம். வீட்டில் பாடம் சொல்லித்தர ஆள் இல்லாதவர்கள் நம்மில் எத்தனை பேர்? அவர்களுக்குப் பக்கத்து பெஞ்ச் நண்பன்தானே ட்யூஷன் மாஸ்டர்? முதல் செமஸ்டரில் புத்தகத்தின் ஆங்கிலத்தைப் பார்த்து மிரண்டபோது யார் யாருக்கு எப்படிச் சொல்லிக் கொடுத்தோம் என்று நாலு பேரைப் பேச வைத்திருந்தால், வைகாட்ஸ்கிக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இதையெல்லாம் சொன்னதும் அவன் திருப்பிக் கேட்டான்: "சட்டாம்பிள்ளை மாதிரி ஒரு அக்காகிட்டதான் நான் வாய்ப்பாடே ஒப்பிச்சேன். அது கற்றல் இல்லையாடா?" கற்றல்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனால் நீ சொல்லி அந்த அக்கா எதையாவது கத்துக்கிட்டாங்களா என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறான்.